ஸ்கார்விக் கல்முதலை

செப்டம்பர் மாதத்துப் பெரிய புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் தெல்மா வெரில் என் கடைக்கு வந்து நின்றாள். நான் பின்கட்டில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவளுடைய காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. மேலே அவள் கணவன் வில்ஃபின் பழைய மழைக்கோட்டு.

"எனிட், கையைத் துடைச்சுக்கிட்டு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"மதியம் கடை திறக்கணும். மீன் பொரிக்க எண்ணெய் யாரு காய வைப்பா?"

"எண்ணெய் எங்கயும் ஓடிடாது. கடல் திரும்பி வந்துடும். வா சொல்றேன்."

நாங்கள் இருவரும் ஸ்கார்விக்கில் ஒரே சந்தில் பிறந்தவர்கள். அவள் இந்தக் குரலில் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். கத்தியைப் போட்டுவிட்டுப் போனேன்.

கடல் நன்றாக வற்றியிருந்தது. மலைச்சரிவுக்குக் கீழே கறுத்த பாறைத் தளம் வெகுதூரம் வரை வெளியே தெரிந்தது. எப்போதும் அதன்மேல் கிடக்கும் மணலைப் புயல் துடைத்து எடுத்துப் போயிருந்தது. அந்தப் பாறையில் பாம்புக்கல் எடுக்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. சுருண்ட சிப்பிகள் கல்லாகிப் போனவை அவை. கோடையில் வருகிற வெளியூர்க்காரர்களிடம் விற்போம். ஆனால் தெல்மா காட்டியது பாம்புக்கல் இல்லை.

பாறைக்குள் பதிந்தபடி, நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கியதுபோல் முதுகெலும்பு ஓடியது. இரண்டு பக்கமும் விலா எலும்புகள். மேலே சதுரம் சதுரமாகக் குழி விழுந்த கனத்த தகடுகள். வாலில் தொடங்கி நான் அதன் கூடவே நடந்தேன். தோள்பட்டை வந்த இடத்தில் ஒரு பெரிய பாறாங்கல் கிடந்தது. என்றைக்கோ மேலேயிருந்து உருண்டு விழுந்தது. பால் வண்டி அளவு இருக்கும். எலும்பு அதற்கடியில் போய் மறைந்தது.

"என்னடி இது, திமிங்கிலமா?"

"முதலை. கடல் முதலை. பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி இங்க நீந்திக்கிட்டு இருந்தது. தலை இந்தக் கல்லுக்கு அடியில இருக்கு."

"இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தோள்பட்டை இருக்குல்ல? அப்போ தலையும் இருக்கும்."

அவள் குனிந்து, வாலின் நுனியில் விரலை வைத்தாள். எலும்பு இருந்து பெயர்ந்த குழி ஒன்று புதிதாக, கூர்மை மழுங்காமல் இருந்தது. நேற்று ராத்திரி கடல் எடுத்துக்கொண்டது.

வில்ஃப் இறந்த பிறகுதான் தெல்மா தினமும் கரையில் நடக்கத் தொடங்கினாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, நண்டு பிடிக்கும் கூடைகளைக் கடலிலிருந்து எடுக்கத் தனியாகப் போன வில்ஃப் விரிகுடா வாயில் படகு கவிழ்ந்து போனான். படகு கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அது அவனுடைய அண்ணன் ஏமஸின் இயந்திரப் படகு. அன்றைக்கு ஏமஸ் போயிருக்க வேண்டிய முறை. காய்ச்சல் என்று படுத்திருந்தான். அதற்குப் பிறகு ஏமஸ் அந்தப் படகைப் பழுது பார்த்து, வர்ணம் அடித்து, துறைச் சரிவில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தான். கடலில் இறக்கவே இல்லை. தெல்மாவும் அவனும் பேசிக்கொள்வதும் நின்றுபோனது. அவள் கரையில் எதைத் தேடி நடக்கிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம் இருந்தது; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளோ வாசகசாலையிலிருந்து கல்லையும் எலும்பையும் பற்றிய புத்தகங்களாகக் கொண்டுவந்து படித்தாள்.

அந்த வாரமே விட்பியிலிருந்து அருங்காட்சியகத்துக்காரர் வந்தார். மிஸ்டர் ஹார்கோர்ட். மெலிந்த மனிதர், பளபளவென்று மெருகேற்றிய சப்பாத்து. எலும்பைப் பார்த்ததும் அந்தச் சப்பாத்தோடேயே உப்புத் தண்ணீரில் மண்டியிட்டார். வாலிலிருந்து தோள்பட்டை வரை ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பார்த்தார்.

"மிசஸ் வெரில், இது மாதிரி முழுசா ஒண்ணை இந்தக் கரையில நான் பாத்ததே இல்லை" என்றார் கடைசியில். "ஆனா குளிர்காலம் வருது. இங்க அடிக்கிற அலைக்கு வசந்தம் வரைக்கும் தாங்காது."

"அப்போ அதுக்கு முன்னாடி எடுத்துடலாம்."

"கரைக்குச் சொந்தக்காரங்ககிட்ட அனுமதி நான் வாங்கிடறேன். உடம்பு வரைக்கும் முயற்சி பண்ணலாம். தலையை மறந்துடுங்க. அந்தப் பாறாங்கல்லை அசைக்கவே முடியாது. அசைச்சாலும், தலை இருக்கிற பலகைக்கல்லை இந்த மலைமேல யாரு தூக்குறது?"

"தலையில்லாத முதலையை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஹார்கோர்ட் சிரித்தார். தெல்மா சிரிக்கவில்லை.

அக்டோபர் முழுக்க அதே வேலைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அவ்வளவு தூரம் வற்றும். அதுவும் காலையில் கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்குள் உளியும் சுத்தியலுமாகச் சுற்றிலும் வெட்ட வேண்டும். முதலில் ஹார்கோர்ட் சொன்னபடி, சாக்குத் துணியைச் சுண்ணச்சாந்தில் தோய்த்து எலும்பின்மேல் போர்த்தினோம். அடுத்த ஏற்றத்தில் கடல் அதை ஊறிய ரொட்டியை உரிப்பதுபோல் உரித்துப்போட்டது. பிறகு மணல் மூட்டைகளை அடுக்கி அணை கட்டினோம். மறுநாள் ஒரு மூட்டைகூட இருந்த இடத்தில் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். தெல்மா மூட்டை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "சரி, இதுவும் ஆகாது" என்றாள். அடுப்பில் பால் பொங்கிவிட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

வழியைக் கண்டுபிடித்தவர் ஹார்கோர்ட்தான். பாறையில் இயற்கையாகவே விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைக் காட்டினார். அந்த விரிசல் வழியே துண்டு துண்டாகப் பெயர்த்தால், போர்த்தவும் வேண்டாம், அணையும் வேண்டாம். அன்றன்று பெயர்த்ததை அன்றன்றே மேலே கொண்டுபோய்விடலாம். அப்படியே செய்தோம். என் கணவர் லெஸ்லியும் வந்து சேர்ந்தார். பழைய இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; சுரங்கம் மூடிய பிறகு கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டையும் நோயாளியைத் தூக்குவதுபோல் தூக்குக்கட்டிலில் வைத்து, மலைப்பாதையில் நான்கு பேராகச் சுமந்தோம்.

"செத்து இவ்வளவு நாள் ஆகியும் கனம் குறையலையே" என்று லெஸ்லி மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

ஊர் வேடிக்கை பார்த்தது. மீன் வாங்க வருகிற பெண்கள் என்னிடம் கேட்பார்கள்: "என்ன எனிட், இன்னைக்கு முதலை வறுவல் உண்டா?" ஒருநாள் தேவாலயத்துப் போதகர் ஓட்லியே கரைக்கு இறங்கி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கண்டாலும் பிரசங்கமாக்கிவிடுவார்.

"எனக்குப் புரியுது தெல்மா" என்றார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. "கடல் உன்கிட்டேயிருந்து ஒருத்தனை எடுத்துக்கிச்சு. அதுகிட்டேயிருந்து ஒண்ணையாவது நீ திருப்பி எடுக்கப் பாக்கறே."

தெல்மா உளியை நிறுத்தினாள். "ஐயா, இது முதலை. நான் கண்டுபிடிச்சேன். எனக்கு இது வேணும். இதை வச்சு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணினீங்கன்னா எழுந்து வெளிய போயிடுவேன். இப்போ சும்மா நிக்கிறதுக்கு அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

போதகர் பிடித்தார். அன்றைக்கு மேலே ஏறும்போது அவர்தான் முன்பக்கம் தூக்கினார்.

மாதக் கடைசியில் வாலும் உடம்பும் கால்களும் அருங்காட்சியகத்தின் பின்கொட்டகையில் இருந்தன. பாறாங்கல் மட்டும் மிச்சம். லெஸ்லி அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். துளை போட்டு இரும்பு ஆப்பு இறக்கினால் இரண்டாகப் பிளந்துவிடலாம், சுரங்கத்தில் தினமும் செய்த வேலைதான் என்றார். பிளந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தலைப் பலகையை நான்கு பேர் தூக்க முடியாது. எட்டுப் பேர் நிற்கப் பாதையில் இடமில்லை. கடல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஊரில் அந்தக் கனத்தை இழுக்கிற படகு ஏமஸினுடையது ஒன்றுதான்.

தெல்மா ஏமஸின் வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏமஸ் கதவைத் திறந்தான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பருத்த ஆள், வில்ஃபின் அதே நீலக்கண்.

"உன் படகு வேணும்" என்றாள் தெல்மா.

"தெரியும். ஊரே சொல்லுது."

"ஒரு நாள் போதும்."

"அந்த விரிகுடாவுக்குள்ள நான் வரமாட்டேன்."

"படகைத்தான் கேட்டேன் ஏமஸ். உன்னைக் கேக்கலை."

ஏமஸ் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "படகை யாருக்கும் தர்றதில்லை. ஒரு தடவை தந்தது போதும்."

நான் தெல்மாவின் முழங்கையைப் பிடித்தேன். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"சரி" என்றாள். "அப்போ கடலையே தூக்கச் சொல்றேன்."

வீடு திரும்பும் வழி முழுக்க அவள் வேகமாக நடந்தாள். எங்கள் கடை மூலைக்கு வந்ததும் நின்றாள். "உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு. காலி எண்ணெய்ப் பீப்பாய் எங்க கிடைக்கும்? நல்லா மூடி இறுகினதா வேணும்."

திட்டம் இதுதான். பலகைக்கல்லின் நான்கு பக்கமும் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிட வேண்டும். கடல் ஏறும்போது பீப்பாய் மிதக்கும். கல்லும் கூடவே எழும்பும். பிறகு எங்கள் சின்னத் துடுப்புப் படகால் இழுத்துக்கொண்டு துறைக்குப் போய்விடலாம். ஹார்கோர்ட் ஓர் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "மிதக்கும்னுதான் கணக்கு சொல்லுது" என்றார், தன் கணக்கைத் தானே நம்பாதவர்போல்.

நவம்பர் மாதத்தில் கடல் நன்றாக வற்றும் முதல் நாளுக்காகக் காத்திருந்தோம். அன்றைக்குக் காலையில் வானொலியில், மாலைக்குள் வடகிழக்கிலிருந்து புயல் என்றார்கள். ஹார்கோர்ட் தெல்மாவைப் பார்த்தார்.

"தள்ளிப் போடலாமா?"

"இந்தப் புயலுக்கு அப்புறம் தள்ளிப் போடறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றாள் அவள்.

லெஸ்லி முந்தின நாட்களிலேயே துளைகளைப் போட்டு வைத்திருந்தார். ஆப்புகளை வரிசையாக இறக்கி, ஒன்று மாற்றி ஒன்றாகச் சுத்தியலால் அடித்தார். முதலில் வெறும் இரும்புச் சத்தம். பிறகு அந்தச் சத்தம் மாறியது, கனத்தது. "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று கத்தினார். பாறாங்கல் நடுவில் வாய் பிளந்தது. கடல் பக்கத்துப் பாதி சாய்ந்து உருண்டு, எங்கள் காலெல்லாம் அதிரும்படி விழுந்தது.

தலை இருந்தது. நீண்டு, ஒடுங்கி, பக்கவாட்டில் திரும்பிப் படுத்த தலை. தாடை நெடுகப் பற்கள். கண்குழிக்குள் சேறு. மூக்கின் நுனி மட்டும் இல்லை. பாறாங்கல் விழுந்த அன்றைக்கே அது பொடிந்து போயிருக்கிறது. தெல்மா கையுறையைக் கழற்றிவிட்டு அந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

"இருக்குன்னு சொன்னேன்ல" என்றாள் ஹார்கோர்ட்டிடம்.

பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. விரிசல் வழியே பெயர்த்தோம், கடப்பாரையால் நெம்பினோம், பலகைகளைச் செருகினோம், பீப்பாய்களைக் கட்டினோம். ஹார்கோர்ட் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்; சப்பாத்தில் ஒன்று எங்கோ போய்விட்டது. முடிச்சுப் போடும்போதே அலை கணுக்காலுக்கு வந்துவிட்டது. பிறகு முழங்கால். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பீப்பாய்கள் அசைந்தன, கயிறுகள் முறுக்கேறிக் கிறீச்சிட்டன. கல் மட்டும் எழும்பவில்லை.

"அடியில களி கவ்விக்கிட்டிருக்கு" என்றார் லெஸ்லி. "விடாது."

அலை இடுப்புக்கு வந்தது. லெஸ்லி எங்களைத் துடுப்புப் படகில் ஏறச் சொன்னார். ஹார்கோர்ட் ஏறினார், நான் ஏறினேன். தெல்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

"தெல்மா! போதும்டி! வந்துடு!"

அவள் காதில் வாங்கவில்லை. கடப்பாரை நுனியைக் கல்லுக்கடியில் செருகி, மறுமுனையில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். ஓர் அலை அவள் தலைக்கு மேலே போனது. துப்பிக்கொண்டு எழுந்தாள், மறுபடி செருகினாள். நவம்பர் மாதத்து வடகடல் அது, எலும்பைத் துளைக்கிற குளிர். அவள் உதடு நீலமாகிவிட்டது. மறுபடி தொங்கினாள். சேற்றில் சிக்கிய சப்பாத்தைப் பிடுங்கும்போது வருமே ஒரு சத்தம், அதுபோல் பெரிதாக ஒன்று கேட்டது. நான்கு பீப்பாய்களும் ஒரே சமயத்தில் துள்ளி எழுந்தன.

லெஸ்லி அவளைக் கோட்டுக் கழுத்தைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார். முதலை மிதந்தது. நாங்கள் கத்திய கத்தலில் கடற்காக்கைகள் எல்லாம் பறந்தன.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. துறை ஒரு பக்கம் இருக்க, பீப்பாய்கள் விரிகுடா வாயை நோக்கி நகர்ந்தன. லெஸ்லியும் ஹார்கோர்ட்டும் ஆளுக்கொரு துடுப்பை வலித்தார்கள். எங்கள் படகும் சேர்ந்து பின்னாலேயே இழுபட்டது. ஒரு பீப்பாயின் கயிறு நெகிழ்ந்து, கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இழுகயித்தை அறுத்துடலாம்" என்றார் லெஸ்லி. "இல்லேன்னா நாமளும் போய்டுவோம்."

"அறுக்கக்கூடாது" என்றாள் தெல்மா. பல் கிட்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் வலிங்க."

அப்போதுதான் இயந்திரப் படகின் சத்தம் கேட்டது. துறைப் பக்கத்திலிருந்து நீலமும் வெள்ளையுமாக ஒரு படகு வந்துகொண்டிருந்தது. சுக்கானைப் பிடித்து நின்றவன் ஏமஸ். அவன் காலையிலிருந்தே துறைச் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பக்கத்தில் வந்ததும் அவன் முகமன் எதுவும் சொல்லவில்லை. குனிந்து பீப்பாய்க் கயிற்றைப் பார்த்தான்.

"யாரு போட்ட முடிச்சு இது? சின்னப் பிள்ளை சப்பாத்துக்கு இதைவிட நல்லா கட்டும்."

"நான்தான் போட்டேன்" என்றாள் தெல்மா.

"வெரில் வீட்டுக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் ஒரு முடிச்சு கத்துக்கலை. தள்ளு பொண்ணே."

அவன் புதிதாகக் கட்டினான். தெல்மாவையும் என்னையும் தன் படகில் ஏற்றிக்கொண்டு, இழுகயிற்றை மாட்டி, மெல்லத் துறையை நோக்கித் திருப்பினான். தன் எண்ணெய்க் கோட்டைக் கழற்றித் தெல்மாமேல் எறிந்தான். பாதி வழி வரை அவன் முன்னால் மட்டுமே பார்த்தான். பிறகு, பார்வையைத் திருப்பாமலேயே பேசினான்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் பெரிசா இல்லை, தெல்மா. குளிருது, எழுந்துக்க மனசு வரலை. அவ்வளவுதான்."

நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் தெல்மா. "வில்ஃப் சொல்லிட்டுத்தான் போனான். 'அந்தச் சோம்பேறிக்கு இன்னைக்கு லீவு'ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே சப்பாத்து மாட்டினான்."

ஏமஸ் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். "சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேக்கலை. எனக்கும் சொல்ல மனசு வரலை. கோவமா இருந்தேன். இன்னமும் கொஞ்சம் கோவம் இருக்கு."

"சரி" என்றான் ஏமஸ். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இருந்துட்டுப் போகட்டும்."

துறையில் பாதி ஊர் நின்றது. லாரியின் சங்கிலியை மாட்டி, போதகர் உட்பட எல்லோரும் தள்ளி, கல்லைச் சரிவில் ஏற்றினார்கள். அன்று மாலை புயல் வந்தது. இரண்டு நாள் அடித்தது. பிறகு போய்ப் பார்த்தபோது பிளந்த பாறாங்கல் இடம் மாறியிருந்தது. நாங்கள் வெட்டிய பள்ளம் முழுக்கக் கூழாங்கல்.

எலும்பைக் கல்லிலிருந்து விடுவிக்க ஹார்கோர்ட்டுக்கு அடுத்த வருஷம் முழுவதும் தேவைப்பட்டது. வாரத்தில் பாதி நாள் தெல்மா பேருந்து பிடித்து விட்பிக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியால் சேற்றைச் சுரண்டினாள். ஒருநாள் அவர், மூக்கு நுனியைச் சாந்தில் செய்து ஒட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு முழுமையாக இருக்கும் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லாததை இல்லைன்னே காட்டுங்க. பாக்கறவங்களுக்குப் புரியும்."

அப்படியே விட்டார்கள். அருங்காட்சியகத்தில் அதைத் திறந்துவைத்த நாளில் கூடத்தின் சுவர் நெடுக முதலை நீந்துவதுபோல் நின்றது. கண்டெடுத்தவர் தெல்மா வெரில் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஏமஸ், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு வந்து, பற்களை வெகுநேரம் பார்த்தான்.

"நம்ம மீனையெல்லாம் இவன்தான் தின்னு தீர்த்திருக்கான்" என்றான்.

வசந்தம் வந்ததும் அவன் மறுபடி நண்டுக் கூடை போடத் தொடங்கினான். கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. தெல்மா வருகிறேன் என்றாள். படகில் பெண் ஏறினால் ஆகாது என்று துறையில் கிழவர்கள் முனகினார்கள். ஏமஸ் அவர்களைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது.

முதல் நாள் காலையில் நானும் லெஸ்லியும் கடை வாசலில் நின்று பார்த்தோம். கடல் தட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது. கூடைகளை எங்கே இறக்குவது என்பதில் இருவருக்கும் துறையை விட்டு விலகும்போதே சண்டை. அவள் கையை வடக்கே நீட்டினாள், அவன் மறுத்துத் தலையை ஆட்டினான். விரிகுடா வாயைத் தாண்டும்போதும் அவர்கள் குரல் தண்ணீர்மேல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. படகு வடக்கே திரும்பியது.